தொழிலை அறிந்து தேர்தல்: உயர்நிலைப் பள்ளி மாணவரும் பணி அனுபவமும்

(கல்வி அலுவலர்களும் ஆசிரியர்களும் மேல்நிலை வகுப்பு மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த சில வாரங்களுக்குள் நாட்டில் பல இலட்சம் குடும்பங்கள் மிகப் பெரிய பொருளாதார முடிவு ஒன்றை எடுக்கின்றன. பதினைந்து, பதினாறு வயதுடைய மகனோ மகளோ எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்பதே அம்முடிவு. ஒரு காணி நிலம் வாங்க நினைக்கும் குடும்பம் மண்ணைப் பார்க்கும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கும். அக்கம்பக்கத்தில் நான்கு பேரை விசாரிக்கும். ஆனால் நாற்பது ஆண்டுக்கால உழைப்பின் திசையைத் தீர்மானிக்கும் இந்த முடிவை மதிப்பெண் பட்டியல் ஒன்றைப் பார்த்தே எடுத்துவிடுகிறது. மதிப்பெண் அதிகமானால் ஒரு பிரிவு, குறைந்தால் மற்றொரு பிரிவு. தொழிலைப் பற்றிய விசாரணை இதில் எங்கும் இடம்பெறுவதில்லை.

இது குடும்பங்களின் அறியாமையால் நேர்வது என்று கூறுவது நியாயமாகாது. விசாரிக்க வழி இருந்தால் அவர்கள் விசாரிப்பார்கள். மத்திய அரசு வெளியிட்ட 2015ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 3,000க்கும் மேற்பட்ட தொழில்கள் இனங்காணப்பட்டுள்ளன. சராசரி மாணவருக்குத் தெரிந்தவையோ பெற்றோரின் தொழில், ஆசிரியர் தொழில், மருத்துவர், பொறியாளர், காவல் துறை, வங்கி எனச் சிலவே. அவற்றிலும் அவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் பெயர்தான்.

தொழிலின் பெயர் வேறு, அத்தொழிலில் ஒரு நாள் கழியும் விதம் வேறு. செவிலியரின் பணிநேரத்தில் கணிசமான பகுதி பதிவேடுகளில் கழிகிறது. நில அளவையாளர் வெயிலில் நடக்க வேண்டும். பழைய வரைபடத்தையும் இன்றைய வரப்பையும் ஒப்பிட்டுப் பக்கத்து நிலக்காரர்களின் வாக்குவாதத்தையும் கேட்க வேண்டும். கணிப்பொறி மென்பொருள் எழுதச் செல்பவர் மற்றவர் எழுதிவைத்த நிரலைப் படித்துப் பிழை தேடுவதில் பல நாட்களைச் செலவிடுகிறார். இவை இழிவுமல்ல, குறையுமல்ல, அத்தொழில்களின் இயல்பு. ஆனால் இந்த இயல்பு பாடநூலில் எழுதப்படுவதில்லை. அருகில் நின்று, கையால் செய்து பார்த்தாலன்றி அது விளங்குவதில்லை.

தவறான தேர்வின் விலை இருவகைப்பட்டது. மாணவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளையும் குடும்பத்தின் சேமிப்பையும் இழக்கிறார். அரசோ ஒவ்வொரு கல்லூரி இடத்திற்கும் பொதுப் பணத்தைச் செலவிடுகிறது; படித்தவர் அத்துறையை விட்டு வெளியேறும்போது அச்செலவின் பயனும் அவருடன் வெளியேறுகிறது. இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடிய சிறு செலவுதான் பள்ளிப் பருவத்தில் தரப்படும் பணி அனுபவம்.

முந்தைய முயற்சிகள்

இக்கருத்து புதியதன்று. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழுவே உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில் இரு கிளைகள் வேண்டும் என்றது: ஒன்று பல்கலைக்கழகத்திற்கு, மற்றொன்று வணிகம் போன்ற நடைமுறைத் துறைகளுக்கு. மாணவர்கள் முதலாவதையே நாடினர். 1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட கல்வியை முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. அதுவே ஆதாரக் கல்வி எனப் பெயர் பெற்றது. அதனை நாடெங்கும் பரப்பிய இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளராகச் சேவாகிராமத்தில் பணியாற்றிய ஆரியநாயகம் இலங்கைத் தமிழர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஆதாரக் கல்வியில் நூற்பும் நெசவும் கல்வியின் ஊடகமாக இருந்தன. மாணவர் பல தொழில்களைக் கண்டு ஒன்றைத் தேர்வதற்கான ஏற்பாடாக அவை இருக்கவில்லை. பொருளை விற்றுப் பள்ளியின் செலவை ஈடுகட்டும் எண்ணமும் அதில் கலந்திருந்ததால், கல்வியா உற்பத்தியா என்ற விவாதம் இறுதிவரை ஓயவில்லை.

சுதந்திரத்திற்குப் பின் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) பலநோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. மனிதவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள் அவற்றில் அமைய வேண்டும் என்றது. கோத்தாரிக் குழு (1964-66) பணி அனுபவம் என்ற சொல்லையே கல்வித் துறையின் அன்றாட வழக்கிற்குக் கொண்டுவந்தது. பள்ளியிலோ வீட்டிலோ பட்டறையிலோ பண்ணையிலோ தொழிற்சாலையிலோ, உற்பத்தி நிகழும் எந்த இடத்திலும் மாணவர் பங்கேற்பதே பணி அனுபவம் என அது விளக்கிற்று. 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு இதனைச் சமுதாயப் பயனுள்ள உற்பத்திப் பணி எனப் பெயர் மாற்றியது. மறு ஆண்டில் டாக்டர் மால்கம் ஆதிசேஷய்யா தலைமையிலான குழு மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குவது பற்றி அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கிய 1978ஆம் ஆண்டிலேயே தொழிற்பிரிவுகளும் இடம்பெற்றன. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்பிரிவுகளுக்குக் கொண்டுவர எண்ணியது. 1992இல் அந்த ஆண்டுகள் முறையே 1995 என்றும் 2000 என்றும் தள்ளிவைக்கப்பட்டன.

இத்தனை குழுக்களின் அறிக்கைகளையும் ஒருசேரப் படிப்பவர்க்கு ஒன்று புலப்படும். உடலுழைப்பின் மேன்மை, பொருள் உற்பத்தி, கல்லூரி நெருக்கடியைக் குறைத்தல் ஆகிய நோக்கங்கள் மாறிமாறி முன்னிடம் பெற்றன. தனக்கு எது பொருந்தும் என்று மாணவர் தாமே கண்டறிவது என்னும் நோக்கம் அறிக்கைகளில் எழுதப்பட்டிருந்தும் நடைமுறையில் ஓரத்திலேயே நின்றுவிட்டது. பல பள்ளிகளில் உற்பத்திப் பணி என்பது வெள்ளிக்கிழமை பிற்பகலில் சோப்புத் தயாரிப்பதாகவோ காகிதப்பூ செய்வதாகவோ சுருங்கியது. அதன் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளுக்கு 'பயனுள்ள சில பாடவேளைகளை வீணாக்கல்' என்று மாணவர்கள் வேறு விரிவு கண்டுபிடித்துச் சிரித்தனர். அந்தச் சிரிப்பை ஆய்வறிக்கையாகவே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

1953ஆம் ஆண்டின் எச்சரிக்கை

பணி அனுபவம் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டில் எழும் ஐயம் ஒன்று உண்டு. அதனை ஒதுக்கிவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளிநேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலில் ஈடுபடும் வகையில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதனைப் பெரியாரும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு கைத்தொழிலுக்கு எதிரானதன்று. பிறப்பே தொழிலைத் தீர்மானிக்கும் ஒரு சமுதாயத்தில், தந்தையின் தொழிலுக்கே குழந்தையைத் திருப்பி அனுப்புவதைக் கல்வி என்று அழைக்க முடியாது என்பதே அதன் சாரம். இன்றைய பணி அனுபவத் திட்டங்களையும் இந்த உரைகல்லிலேயே உரைத்துப் பார்க்க வேண்டும். நெசவாளர் மகனை மீண்டும் தறியடியில் உட்கார வைத்து அதற்குப் பணி அனுபவம் என்று பெயரிட்டால், அது அவனுக்கு முன்னரே தெரிந்ததைச் சொல்லித் தருவதாகும். இருக்கும் வாயிலை அடைப்பதுமாகும். அவன் மின்மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கும் அரசு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்திற்கும் செல்ல வேண்டும். அலுவலரின் மகள் தறியையும் நாற்றங்காலையும் பார்க்க வேண்டும். ஏழைக் குடும்பங்களின் மாணவர்களுக்கு வேலை புதிதல்ல. அறுவடைக் காலத்தில் அவர்கள் வயலில் நிற்பவர்கள்தாம். அவர்களுக்குப் புதிதாக வேண்டுவது வேறு வேலையைக் காணும் வாய்ப்பு. ஆகவே ஒவ்வொரு மாணவரும் செல்லும் பணியிடங்களில் பாதியேனும் தம் குடும்பத் தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவைப்பது நல்லது.

பாபல் கிராமம் காட்டிய வழி

மேற்கண்ட குறைகள் பலவற்றைத் தவிர்த்துக்கொண்ட முயற்சி ஒன்று மகாராஷ்டிரத்தில் நடந்தது. புனே மாவட்டத்தில் மழை குறைந்த வறட்சிப் பகுதியில் அமைந்த சிற்றூர் பாபல். அங்கு 1983இல் விஞ்ஞான ஆசிரமம் என்னும் நிறுவனத்தை டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் தொடங்கினார். அமெரிக்காவில் உணவுத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் பெற்று, மும்பையில் பெருந்தொழில் நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சி மையத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர் அவர். கையால் செய்யும்போது மூளையும் வளர்கிறது என்பதே அவருடைய கல்விக் கோட்பாட்டின் அடிப்படை. கிராமத்தின் உண்மையான தேவைகளையே பாடமாக்கினால் அறிவியலை எளிய மாணவர்க்கும் கற்பிக்கலாம் என அவர் நம்பினார்.

இந்த ஆசிரமம் உருவாக்கிய அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம் என்னும் பாடம் 8, 9, 10ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குகிறது. பாடம் நான்கு பிரிவுகளைக் கொண்டது: பட்டறைப் பொறியியல், ஆற்றலும் சுற்றுச்சூழலும், வேளாண்மையும் கால்நடையும், மனையும் நலவாழ்வும். மாணவர் ஒருவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை விட்டுவிட முடியாது. எல்லோரும் நான்கையும் செய்ய வேண்டும். பற்றவைப்பும் கம்பிவலைச் சிமெண்டுக் கட்டுமானமும் மின்இணைப்பும் மண் ஆய்வும் நாற்று வளர்ப்பும் இரத்தப் பரிசோதனையும் உணவு பதப்படுத்தலும் ஆண், பெண் இரு பாலார்க்கும் பொது. தொழிற்கல்வி என்றதும் பெண்களைத் தையலுக்கும் ஆண்களைப் பட்டறைக்கும் அனுப்பிவிடும் பழக்கம் நம் பள்ளிகளில் எளிதாக மாறுவதில்லை. பாடத்திட்டத்தின் அமைப்பிலேயே அதற்கு இடமில்லாமல் செய்ததுதான் பாபலின் சிறப்பு. அறிவுரையால் ஆகாததை அட்டவணை செய்துவிட்டது.

இரண்டாவதாக, மாணவர்கள் செய்யும் பொருள்கள் கண்காட்சிக்கு அல்ல. பள்ளிக்கோ ஊராருக்கோ தேவைப்படும் பணிகளை அவர்கள் அடக்கச் செலவில் செய்து தருகிறார்கள். வாங்குபவர் ஒருவர் இருக்கிறார் என்ற நிலை ஏற்பட்டவுடன் அளவு தவறுவதற்கும் பற்றவைப்பு விட்டுப்போவதற்கும் பொருள் வந்துவிடுகிறது. மதிப்பெண் கற்பிக்க முடியாத ஒழுங்கை அது கற்பிக்கிறது. செலவுக் கணக்கு எழுதவும் மாணவர் பழகுகின்றனர்: இரும்பின் விலை, மின்சாரம், கூலி, தேய்மானம். பொருளாதாரத்தின் முதற்பாடம் இதுவே. மூன்றாவதாக, கற்பிப்பவர்கள் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தந்தத் தொழிலைச் செய்து பிழைப்பவர்களே பயிற்றுநர்களாக வந்தனர். தொழிலறிந்த ஆசிரியர் இல்லை என்ற காரணத்தால் எத்தனையோ திட்டங்கள் நின்றுபோன நாட்டில் இது சிறிய செய்தியன்று.

ஆசிரமத்தின் ஓராண்டு உறைவிடப் பயிற்சியில் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர்களும் சேர்ந்து தொழில் கற்றனர். 2002இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் வளாகத்திற்கு வெளியே எண்முறை உருவாக்கக்கூடம் அமைத்தபோது முதலில் தேர்ந்தெடுத்த இடங்களில் பாபலும் ஒன்று. வறண்ட சிற்றூர் என்பது தடையாகவில்லை.

வயதும் சட்டமும்

பள்ளி மாணவரைப் பணியிடத்திற்கு அனுப்புவது குழந்தைத் தொழிலாகாதா என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியே. 2016இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத்தினர் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்தக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளிநேரம் போக உதவுவதற்கும், கலைத்துறைக்கும் மட்டும் வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு. 14 முதல் 18 வயதுவரை சுரங்கங்களிலும், எளிதில் தீப்பற்றும் பொருள்கள், வெடிபொருள்கள் சார்ந்த பணிகளிலும், தொழிற்சாலைச் சட்டம் அபாயகரமானவை என வரையறுத்துள்ள செயல்முறைகளிலும் அமர்த்தக் கூடாது. குறைந்தபட்ச வயது பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138ஆம் உடன்படிக்கையை இந்தியா 2017இல் ஏற்றது. கல்வியின் பகுதியாகப் பள்ளிகளில் செய்யப்படும் வேலையை அவ்வுடன்படிக்கை தனியாகப் பிரித்தே பார்க்கிறது.

வேறுபாடு எங்கே உள்ளது? மாணவர் இல்லாவிட்டாலும் அப்பட்டறையின் அன்றைய வேலை நடந்துவிடுமா என்பதே எளிய சோதனை. நடக்குமாயின் அவர் கற்க வந்தவர். அவர் வராத நாளில் உரிமையாளருக்கு ஆள் குறைந்துபோகிறதென்றால் அவர் தொழிலாளராகிவிட்டார். அங்கிருந்து அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் நீண்டகாலம் இருத்தாமல், சில நாட்களில் வேறிடத்திற்கு மாற்றுவது இதற்கு நல்ல காப்பு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பணியிடங்களுக்கு அனுப்புவதும், அதற்குக் கீழ் பள்ளிப் பட்டறையோடும் நேரில் கண்டறிதலோடும் நிறுத்திக்கொள்வதும் பொருத்தமாகும்.

2020ஆம் ஆண்டுக் கொள்கையும் பத்து நாட்களும்

12ஆவது ஐந்தாண்டுத் திட்டத்தின் (2012-17) மதிப்பீட்டின்படி 19 முதல் 24 வயதுடைய இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. அமெரிக்காவில் இது 52, ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 விழுக்காடு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இவ்வெண்களை எடுத்துக்காட்டி, 2025க்குள் பள்ளியிலும் உயர்கல்வியிலும் பயில்வோரில் பாதிப்பேருக்கேனும் தொழிற்கல்வியின் அறிமுகம் கிட்ட வேண்டும் என இலக்கு வைத்தது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் பத்து நாட்கள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர், ஓவியர் போன்ற உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பழகுவதற்கும், 12ஆம் வகுப்புவரை விடுமுறையிலும் அத்தகைய வாய்ப்புகள் தருவதற்கும் அது வழி கூறியது.

பத்து நாட்களில் தொழில் கற்க முடியாது. ஆனால் தொழிலைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியும். ஓர் ஒன்பதாம் வகுப்பு மாணவி பால் கூட்டுறவுச் சங்கத்தில் நான்கு நாட்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் பால் வந்து சேரும் நேரத்திற்கு அவரும் வர வேண்டும். பாலின் அடர்த்தி மானியால் பார்க்கப்படுவதையும், கொழுப்புச் சத்து அளக்கப்படுவதையும், அதைக் கொண்டு ஒவ்வோர் உறுப்பினருக்கும் விலை கணக்கிடப்படுவதையும் காண்கிறார். சிலவற்றைத் தாமும் செய்கிறார். வகுப்பில் படித்த வேதியியலும் விகிதக் கணக்கும் ஒருவரின் அன்றாட வருமானத்தைத் தீர்மானிப்பது தெரிகிறது. ஒரு சொட்டுக் கொழுப்புக்காக உறுப்பினர் எழுப்பும் சச்சரவும் காதில் விழுகிறது. நான்காம் நாள் முடிவில் அவர் ஆய்வுக்கூடப் பணி பிடித்திருப்பதாகக் கூறலாம்; விடியற்காலை எழுவது ஒத்துவராது எனவும் கூறலாம். இரண்டுமே பயனுள்ள விடைகள். வேண்டாம் என்று பதினான்கு வயதில் அறிவதற்கு நான்கு நாட்களே செலவு. இருபத்திரண்டு வயதில் அறிந்தால் ஒரு பட்டப்படிப்பே செலவு.

இதற்குப் பணம் யார் தருவது என்பதைத் திட்டங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஜெர்மனியில் பள்ளி மாணவர் இரண்டு மூன்று வாரம் நிறுவனமொன்றில் இருந்துவருவது வழக்கமாகிவிட்டது. அங்குப் பயிற்சிப் பொறுப்பாளர் உள்ள நிறுவனங்கள் ஏராளம். இந்தியாவிலோ தொழில்களில் பெரும்பகுதி இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகளில் உள்ளன. லேத் பட்டறைக்காரர் ஒரு மாணவருக்கு விளக்கிச் சொல்லும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு உருப்படி குறையும். அவரது நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் திட்டம் வகுத்தால் முதலாண்டில் ஒப்புக்கொள்வார். இரண்டாம் ஆண்டில் மாணவர்களை ஒரு மூலையில் உட்கார வைப்பார். மாணவருக்கு ஊதியம் தேவையில்லை. பட்டறைக்காரருக்கு மதிப்பூதியம் தேவை. பள்ளி விழாவில் அவருக்கும் ஆசிரியர்களுடன் ஓர் இருக்கை அளிப்பது பணமில்லாமலே செய்யக்கூடியது. அதன் பயன் சிறிதன்று.

மதிப்பெண் பற்றிய சிக்கல் இதனினும் கடினமானது. மதிப்பெண் இல்லையெனில் பள்ளிகள் அந்த நாட்களைச் சிறப்பு வகுப்புகளுக்கு எடுத்துக்கொள்ளும். மதிப்பெண் உண்டென்றால், உற்பத்திப் பணிக்கு நேர்ந்ததுபோல் எல்லோருக்கும் முழு மதிப்பெண் வழங்கப்பட்டு ஏடு மட்டும் அழகாக இருக்கும். மாணவருக்கு மதிப்பெண் தராமல், பள்ளி அந்நாட்களை உண்மையில் நடத்தியதா என்பதை ஆய்வு அலுவலர் பார்ப்பதே ஓரளவு ஏற்கக்கூடிய வழி. மாணவர் எழுத வேண்டியது ஒரு குறிப்பேடு: என்ன செய்தார், எந்தக் கருவியைக் கையாண்டார், அத்தொழிலுக்கு வர எவ்வளவு காலம் படிக்க வேண்டும், என்ன வருமானம் கிடைக்கும், மழைக்காலத்தில் வேலை உண்டா, வயது ஐம்பதில் அதனைச் செய்ய இயலுமா. கடைசிக் கேள்வியைத் தொழிலாளரிடமே கேட்டு எழுத வேண்டும்.

மாவட்ட அலுவலர்கள் செய்ய வேண்டுவது

ஒவ்வொரு வட்டத்திலும் எந்தெந்தத் தொழில்கள் நடக்கின்றன என்ற பட்டியல் பள்ளியின் கையில் இருப்பதில்லை. பகுதி பகுதியாக அது வேறு அலுவலகங்களில் உள்ளது. மாவட்டத் தொழில் மையத்திடம் சிறு தொழில்களின் விவரம் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு எந்தப் பட்டறை பழகுநர்களை ஏற்கிறது என்பது தெரியும். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் என்ற பெயரையும் தாங்கியுள்ளன. 2015இல் தொடங்கிய தேசியத் தொழில்நெறிச் சேவையும் உள்ளது. வேலை தேடி வருபவர்க்கு வழிகாட்டும் இவ்வமைப்புகள், வேலை தேடும் வயதிற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்னரே மாணவரைச் சந்திக்க வேண்டும். ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், ஆரம்ப சுகாதார நிலையம், மின்வாரியப் பிரிவு அலுவலகம், அஞ்சலகம் ஆகியவை எந்தக் கிராமத்திற்கும் எட்டும் தொலைவில் இருப்பவை. அரசு அலுவலகங்களே மாணவரை ஏற்கத் தயங்கினால் தனியார் பட்டறையிடம் கேட்பதற்கு முகம் இராது.

ஒரு பணியிடத்திற்கு இரண்டு அல்லது மூன்று மாணவர்களுக்கு மேல் அனுப்பலாகாது. நாற்பது பேர் வரிசையாகச் சென்று பார்த்துவருவது சுற்றுலாவாகுமே தவிர அனுபவமாகாது. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பிற்குப் பதினைந்து இடங்களேனும் வேண்டும். அவற்றில் உரிமையாளரின் ஒப்புதல், பெற்றோரின் ஒப்புதல், முதலுதவி, மாணவியர் சென்றுவர வசதி, கழிப்பிடம் ஆகியவற்றை நேரில் பார்த்து உறுதி செய்ய ஆசிரியர் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு மாதமாகும். ஜூனில் பள்ளி திறக்கும் மாநிலங்களில், அடுத்த கல்வியாண்டிற்கான பட்டியல் ஏப்ரல் இறுதிக்குள் தலைமையாசிரியரின் மேசைக்கு வந்திருந்தால்தான் காலாண்டுத் தேர்வுக்கு முன் முதல் குழுவை அனுப்ப இயலும்.